பாலியேட்டிவ் கேர் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

ஜனவரி 9 — வாசகி ஒருவரின் கேள்வி

என் கணவருக்குப் புற்று நுரையீரலில் ஆரம்பித்துக் கல்லீரல் வரை பரவிவிட்டது. நேற்று டாக்டர், "கீமோவோடு சேர்த்து பாலியேட்டிவ் டீமையும் ஒரு தடவை பார்த்துடுங்க" என்றார். வெளியே வந்து அழுதுவிட்டேன். முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் இப்படிச் சுற்றி வளைத்துக் கைவிரிக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நான் கூட்டிக்கொண்டு போகப் போவதில்லை. போனால் இவருக்கே தெரிந்துவிடும். இந்த நிலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், நான் நினைப்பது சரிதானே?

ஜனவரி 9, இரவு

போங்கள்.

பாலியேட்டிவ் கேர் என்றால் நோயால் வரும் வலியையும் தொந்தரவையும் குறைக்கிற சிகிச்சை. என் மனைவிக்கு மார்பகத்தில் ஆரம்பித்தது. இப்போது இடுப்பெலும்பு, முதுகெலும்பு, விலா. எங்களையும் இப்படித்தான் அனுப்பினார்கள். அந்த டாக்டர் ஸ்கேன் கவரைக் கையில்கூட வாங்கவில்லை. இவளைப் பார்த்து, "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது? எந்தப் பக்கம் ஒருக்களிச்சா வலி கம்மியா இருக்கு?" என்று கேட்டார். இவள் பேச ஆரம்பித்தாள். கூடவே படுத்து எழுந்த எனக்கே தெரியாத விஷயங்களெல்லாம் வந்தன.

ஜனவரி 10, காலை

"போங்கள்" என்று மொட்டையாகச் சொன்னால் யார் கேட்பார்கள். காரணம் சொல்கிறேன்.

2010-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்து வெளியானது. உங்கள் கணவருக்கு வந்த மாதிரியே நுரையீரல் புற்று, பரவிய நிலையில் புதிதாகத் தெரியவந்த 151 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப் பேருக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் டீமும். இரண்டாவது கூட்டத்தாருக்கு மனச்சோர்வு குறைவு, அன்றாட வாழ்க்கை மேல், கடைசிக் கட்டத்தில் உடம்பைப் போட்டு வதைக்கும் சிகிச்சையும் குறைவு. கைவிடப்பட்டவர்கள் என்றால் இவர்கள்தானே சீக்கிரம் போயிருக்க வேண்டும்? இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், இவர்களுக்கு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9.

அந்த 11.6-ஐச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலையாதீர்கள். ஆயுள் கூடியது பின்னால் வந்த எல்லா ஆய்விலும் திரும்ப வரவில்லை. நிம்மதி கூடியது பெரும்பாலும் வந்தது. எனக்கு அது போதும்.

ஜனவரி 10, மாலை

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதற்கும் பிறகு படித்து டாக்டர். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தார். அவர் வலியுறுத்தியது கேட்க ரொம்பச் சின்ன விஷயம்: வலி வந்து கத்திய பிறகு மருந்து கொடுக்காதே, கடிகாரத்தைப் பார்த்துக் கொடு. வெள்ளம் வருமுன் அணை. எங்கள் வீட்டில் மாத்திரைக்கு அலாரம் அடிக்கும்போது இவள் நன்றாகத்தான் இருப்பாள். "வலிக்கலையே, எதுக்கு இப்ப?" என்பாள். வலிக்காததே முந்தைய மாத்திரையின் புண்ணியம் என்று தினம் ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜனவரி 14

"மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவாரே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எங்கள் சொந்தத்திலும் ஒரு பெரியவர் போன் போட்டு இதையேதான் சொன்னார்.

வலிக்காக அளவோடு சாப்பிடுபவருக்கு உடம்பு அந்த மருந்துக்குப் பழகும், உண்மை. திடீரென்று நிறுத்தினால் வேர்க்கும், நடுங்கும், வயிறு கலங்கும். அதனால்தான் படிப்படியாகக் குறைக்கிறார்கள். போதைக்காக மருந்தைத் தேடி அலைவது வேறு சமாச்சாரம். உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியான முறையை வகுத்து, கடுமையான வலிக்கு மார்ஃபினை வைத்துவிட்டது.

நான் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதில் உருப்படியானவை: சட்டென்று வேலை செய்யும் வகை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, மெதுவாகக் கரையும் மாத்திரை பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது, அரை நாள் மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும். நடுவில் வலி குத்தினால் கொடுக்கத் தனியாக ஓர் அளவு எழுதித் தருவார்கள். வழக்கமாக அது ஒரு நாளைய மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்கு வரை இருக்கும். அதை எத்தனை முறை கொடுத்தோம் என்று நோட்டில் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அடுத்த முறை அடிப்படை அளவை மாற்றுவார்கள். நீங்களாகக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். கைகால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தாலோ, எழுப்பினாலும் எழ முடியாத தூக்கம் வந்தாலோ உடனே கூப்பிடுங்கள். சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பில் தேங்கும்.

ஜனவரி 15

நேற்று ஒன்று விட்டுப்போயிற்று. குமட்டலும் மயக்கமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். மலச்சிக்கல் அடங்காது, மார்ஃபின் இருக்கும் வரை அதுவும் இருக்கும். முதல் வேளை மார்ஃபினோடு மலமிளக்கியும் ஆரம்பிக்க வேண்டும். டாக்டர் எழுத மறந்தால் நீங்கள் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் தலைப்புச் செய்தி இப்போதெல்லாம் இதுதான். அலுவலகத்திலிருந்து போன் போட்டு, "ஆச்சா?" என்று கேட்பேன். "ஆச்சு" என்றால் அன்று திருவிழா. கல்யாணமான புதிதில் இதே கேள்விக்கு எங்களுக்குள் வேறு அர்த்தம் இருந்தது என்று இவள் நர்ஸ் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

ஜனவரி 27

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். போய்விட்டு வந்தார்களாம். அவர் கணவர் அங்கே முதலில் கேட்டது: "என் இருமலுக்கு ஏதாவது செய்ய முடியுமா? இவ தூங்கி ரொம்ப நாளாச்சு." அவருக்குத் தெரியக் கூடாது என்று இவர் மறைக்க, இவர் தூங்கவில்லையே என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பிப்ரவரி 2

சொல்வதா, மறைப்பதா?

என் மைத்துனர் டாக்டரின் அறைக்குள் முன்னாலேயே போய், "அவகிட்ட எதையும் சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தார். பாசம்தான், சந்தேகமே இல்லை. பிறகு இவள் உள்ளே போய் உட்கார்ந்த கையோடு, "டாக்டர், எங்கண்ணன் உங்ககிட்ட என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். நீங்க என்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

மறைக்கும் வீடுகளில் என்ன நடக்கிறதென்றால், எல்லாருக்கும் எல்லாம் தெரியும், யாரும் யாரோடும் பேச முடியாது. நோயாளி மற்றவர்களுக்காக நடிப்பார், மற்றவர்கள் நோயாளிக்காக. சாகப்போகிறவர்தான் அந்த வீட்டிலேயே தனி ஆள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது, யாருக்கோ கேட்க வேண்டிய மன்னிப்பு, வங்கிக் கணக்கின் கடவுச்சொல், எதற்கும் வழியில்லை.

தெரிந்த மாதிரி இருக்கிறவர்களுக்கும் தெரிந்திருப்பதில்லை. 2012-இல் வந்த ஓர் ஆய்வு: பரவிய நிலையில் கீமோ எடுத்தவர்களில், நுரையீரல் புற்றுள்ளவர்களில் 69 சதவீதமும் பெருங்குடல் புற்றுள்ளவர்களில் 81 சதவீதமும், அந்தக் கீமோ நோயை முற்றாகக் குணப்படுத்த வாய்ப்பில்லை என்பதைப் புரிந்துகொண்டதாகப் பதில் சொல்லவில்லை. கீமோ என்றால் குணமாக்க என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். இந்த நிலையில் அது நோயை அடக்கி வைக்க, தொந்தரவைக் குறைக்க, நாளைக் கூட்ட. ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்னால் "இது எதுக்கு டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 3

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தால், எல்லாரையும் உட்கார வைத்து உண்மையைத் தலையில் கொட்டச் சொல்கிற மாதிரி இருக்கிறது. அப்படிச் சொல்லவில்லை. தெரிய வேண்டாம் என்று நினைக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. என் சிநேகிதர் ஒருவர், "என் பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க, எனக்கு வேணாம்" என்று தெளிவாகச் சொன்னார், கடைசி வரை அப்படியே இருந்தார், நிம்மதியாகவே இருந்தார். ஆக, முதலில் கேட்க வேண்டியது, "உங்களுக்கு எவ்வளவு தெரியணும்?" அதற்கான பதில் அவருடையது. மைத்துனருடையதல்ல.

பிப்ரவரி 19

இடுப்புக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். பல வாரம் அலைய வேண்டும் என்று பயந்திருந்தேன். எலும்புக்குப் பரவி வருகிற வலிக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு ஒரே தடவையில் கொடுத்தாலும், பிரித்துப் பிரித்துக் கொடுத்த அளவுக்கு வலி குறையும் என்று நிறைய ஆய்வுகள் காட்டிவிட்டனவாம். சிலருக்குப் பிறகு இன்னொரு தடவை தேவைப்படலாம். நடக்கவே சிரமப்படுகிறவரை வண்டியில் ஏற்றி இறக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். "ஒரே தடவையில் முடிக்க முடியுமா?" என்று கேளுங்கள்.

முதல் ஓரிரு நாளில் வலி கூடலாம், பயப்பட வேண்டாம். முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகலாம்.

எலும்பு பலப்பட ஊசி போடுவார்கள். அதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அந்த மருந்து ஏறிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகிற அபாயம் உண்டு. "கேன்சருக்கு வந்த இடத்துல பல்லு விளக்கினயான்னு கேக்கறாங்க" என்று இவளுக்கு ஒரே சிரிப்பு.

மார்ச் 1

"எவ்வளவு நாள் என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார்" என்று இரண்டு பேர் புலம்பியிருக்கிறார்கள். சொன்னாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாழ்நாள் முடிகிற நிலையில் இருந்த 468 பேரைப் பற்றி அவரவர் டாக்டர்களிடமே கணிக்கச் சொன்னார்கள். ஓரளவு சரியாகச் சொன்னது ஐந்தில் ஒரு பங்கு. பெரும்பாலோர் கூட்டித்தான் சொன்னார்கள். மொத்தத்தில் நிஜத்தைப் போல 5 மடங்குக்கும் மேல். அதிலும் நோயாளியை ரொம்ப நாளாகத் தெரிந்த டாக்டர் இன்னும் அதிகமாகத் தவறினார். அவர்களும் மனிதர்கள்தானே, பழகியவர் சாகப்போகிறார் என்று சொல்ல வாய் வராது.

இன்னொரு பக்கம் ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற உயிரியலாளர். 1982-இல் அவருக்கு வயிற்று மீசோதீலியோமா, வயிற்றின் உள்ளுறையில் வரும் ஒரு புற்று. நூலகத்துக்குப் போய்ப் பார்த்தால் இடைநிலை ஆயுள் 8 மாதம் என்றிருந்தது. அவர் போய்ச் சேர்ந்தது 2002-இல், அதுவும் வேறொரு புற்றால். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டுகிறார்கள், சிலர் ரொம்ப தூரம் தாண்டுகிறார்கள் என்று அவர் எழுதியதைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். எடுத்துக்காட்டலாம். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பவரும் அந்தச் சிலரில் ஒருவர்தான் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது.

எங்களுக்கு உதவிய கேள்வி: "மாசக் கணக்கா, வாரக் கணக்கா, நாள் கணக்கா?" இதற்கு டாக்டர்கள் பதில் சொல்கிறார்கள். நாமும் பார்த்துக் கணிக்கலாம். போன மாதத்துக்கு இந்த மாதம் இறங்கியிருந்தால் மாதக் கணக்கு, வாரத்துக்கு வாரம் இறங்கினால் வாரக் கணக்கு.

மார்ச் 8

சாப்பாட்டுச் சண்டை.

எல்லா வீட்டிலும் உண்டு. "இன்னும் ஒரு வாய்." "வேண்டாம்." "எனக்காக." "உங்களுக்காகத்தான் முன்னாடி நாலு வாய் சாப்பிட்டேன்." தட்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கரண்டியை நீட்டுகிறேன், இவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்க்கிறாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பாவம் இந்த ஆள் என்கிற இரக்கம்தான் இருந்தது. அன்றோடு கரண்டியைக் கீழே வைத்தேன்.

முற்றிய புற்றில் உடம்பு கரைவது பட்டினியால் கரைவது மாதிரி இல்லை. நோயே உடம்பின் கணக்கை மாற்றிவிடுகிறது. தசையையும் கொழுப்பையும் அதுவே எரிக்கிறது. ஊட்டி ஊட்டி அதைத் திருப்ப முடியாது. பசி தூண்ட மருந்துகள் உண்டு, டெக்ஸாமெத்தசோன் மாதிரி, சில வாரம் வேலை செய்யும். காலையில் கொடுங்கள், சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள்.

சின்னத் தட்டில் கொஞ்சமாக வையுங்கள். கேட்டதை, கேட்ட நேரத்தில். வாயைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் பூஞ்சை, மருந்து உண்டு. அது போனாலே பாதிப் பேர் கொஞ்சம் சாப்பிடுவார்கள்.

மார்ச் 8, இரவு

"பாதிப் பேர்" என்பது என் வாய்க்கு வந்த கணக்கு. ஆய்வு கீய்வு எதுவும் இல்லை.

மார்ச் 21

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கணவன் மனைவி பற்றிய இழைதானே, எழுதுகிறேன்.

மருத்துவமனைக் கட்டில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தலைமாட்டைத் தூக்கலாம், உயரத்தை மாற்றலாம், என் முதுகு பிழைத்தது. ஆனால் அது ஒற்றைக் கட்டில். அன்று ராத்திரிதான் நாங்கள் முதல்முறையாக ஒரே அறையில் தனித்தனியாகப் படுத்தோம். மருந்து, துடைப்பது, டயப்பர், நோட்டு என்று பகலெல்லாம் இவளை நான் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். அத்தனையும் வேலைக்கான தொடல். "நாள் பூரா தொடறீங்க, ஒரு தடவைகூடத் தொடல" என்றாள்.

பழைய கட்டிலை இழுத்து ஒட்டிப் போட்டு, மருத்துவமனைக் கட்டிலை அதே உயரத்துக்கு இறக்கி, அந்தப் பக்கத்துத் தடுப்பை மடக்கிவிட்டோம். இடையில் பள்ளம் விழும். மடித்த போர்வை வைத்தால் சரியாகிவிடும். வலி குத்தும்போது கொடுக்கிற அளவைப் படுப்பதற்கு அரை மணி முன்னால் கொடுக்கலாமா என்று கேட்டோம், டாக்டர் சரி என்றார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. கீமோ போட்ட அடுத்த சில நாட்களுக்கு உடல் திரவங்களில் மருந்து கசியும், கையுறை, ஆணுறை வேண்டும் என்று நர்ஸ்கள் சொல்வார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். அவர்கள் இதைவிடக் கூச்சமானதையெல்லாம் தினம் பார்க்கிறவர்கள்.

முடிந்தால் துடைத்துக் குளிப்பாட்டும் வேலையை வாரத்தில் சில நாளாவது வேறு யாரிடமாவது விடுங்கள். கணவன் வேலையைச் செய்யக் கொஞ்சம் கை ஓயும்.

ஏப்ரல் 5

பார்த்துக்கொள்கிறவர் உடம்பைப் பற்றி. 1999-இல் வந்த ஓர் ஆய்வு: துணையைப் பார்த்துக்கொள்ளும் வயதானவர்களில், அது பாரமாக இருக்கிறது என்று சொன்னவர்கள் அடுத்த 4 ஆண்டில் இறக்கும் அபாயம், துணையைப் பார்த்துக்கொள்ளும் வேலை இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். இவளிடம் படித்துக் காட்டினேன். "அப்ப நீங்க முன்னாடி போய் எனக்கும் சேத்து ஒரு இடம் பிடிச்சு வைங்க" என்றாள்.

அந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. பார்த்துக்கொண்டும் பாரமாக உணராதவர்களுக்கு அபாயம் அப்படிக் கூடவில்லை. ஆகவே பாரத்தைக் குறைப்பதுதான் வழி. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள், செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் வந்து உட்கார் என்று. நாளும் மணியும் சொன்னால் வருகிறார்கள்.

ஏப்ரல் 17

நேரம் பார்க்காமல் ஓட வேண்டிய விஷயங்கள். ராத்திரி ரெண்டு மணி என்றாலும் தயங்காதீர்கள்.

கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது 38 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் காய்ச்சல். கிருமியை எதிர்க்கிற ரத்த வெள்ளணு அடிமட்டத்துக்குப் போவது பெரும்பாலும் கீமோ போட்ட இரண்டாவது வாரத்தை ஒட்டி. கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மூடிவிடாதீர்கள்.

புதிதாக முதுகுவலி, கால் தொய்வு, மரத்துப்போவது, சிறுநீர் வராமல் போவது. முதுகெலும்பில் பரவியவருக்கு இது தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். நடக்க முடிகிறபோதே சிகிச்சை ஆரம்பித்தால் நடையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். நாளை பார்க்கலாம் என்றால் நடை போய்விடலாம்.

அடங்காத தாகம், மலச்சிக்கல், குழப்பமான பேச்சு மூன்றும் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். பார்க்க முடிவு நெருங்கிவிட்ட மாதிரியே இருக்கும். பல சமயம் சலைனும் ஊசியும் போட்டால் சில நாளில் ஆள் திரும்பி வந்துவிடுவார்.

மே 6

கால்சியம் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் பேச்சு குழம்புகிறது. ஜன்னல் பக்கம் யாரோ நிற்கிறார்களாம். பகலில் தூக்கம், ராத்திரி முழிப்பு. நேற்று என்னைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

நர்ஸ் சொல்லித் தந்தது: வாதாடாதே. "அங்கே யாரும் இல்லை" என்று நிரூபிக்கப் போகாதே. பயமாக இருக்கிறதா என்று மட்டும் கேள். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வரவிடு, ராத்திரி சின்ன விளக்கு. கண்ணாடியை மாட்டிவிடு. காரணம் தேடு. மூத்திரத் தொற்றாக இருக்கலாம், மலம் கட்டியிருக்கலாம், புது மருந்தாக இருக்கலாம். எங்களுக்கு மூத்திரத் தொற்று. மருந்து கொடுத்த பிறகு பெரும்பாலும் தெளிந்துவிட்டாள். "நான் ஏதாவது அசிங்கமா பேசினேனா?" என்று கேட்டாள். "ரொம்ப மரியாதையா பேசின" என்றேன். நம்பவில்லை.

தெளிந்த அந்த வாரத்திலேயே உட்கார்ந்து எழுதிவிட்டோம். மூச்சு நின்றால் மார்பை அழுத்திப் பார்ப்பதா, குழாய் போடுவதா, எங்கே இருக்க ஆசை. எலும்பெல்லாம் அரித்த மார்பை அழுத்தினால் விலா நொறுங்கும், உள்ளே இருக்கும் நோய் அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் விளக்கினார். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து கோணிவிட்டது என்று இன்னொரு தாள் கேட்டு வாங்கி மறுபடி போட்டாள்.

மே 24

மூச்சுத்திணறலுக்குச் சின்ன மேசை விசிறி. கன்னத்திலும் மூக்கு ஓரத்திலும் காற்று படும்படி வையுங்கள். முகத்தின் நரம்புக்குக் குளுமை தெரிந்தால் திணறுகிற உணர்வு குறைகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையாதவருக்கு ஆக்ஸிஜன் குழாயைவிட இது மோசமில்லை. குறைந்த அளவு மார்ஃபினும் மூச்சுத்திணறலைத் தணிக்கும்.

புரட்டிப் போடுவது: இடுப்புக்குக் கீழே குறுக்காக மடித்த ஒரு விரிப்பைப் போட்டு, ஆளை இழுக்காமல் விரிப்போடு தூக்கி நகர்த்த வேண்டும். இழுத்தால் தோல் உராய்ந்து பிய்யும். முழுதாக ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக் கொஞ்சம் சாய்த்தால் போதும். கெண்டைக்கால் அடியில் ஒரு தலையணை, குதிகால் அந்தரத்தில் தொங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பார்கள். கடைசியில், தூங்குகிறவளை எழுப்பிப் புரட்டுவது யாருக்காக என்று நர்ஸிடம் கேட்டேன். வலி இல்லாமல் தூங்கினால் விட்டுவிடுங்கள் என்றார்.

ஜூன் 13

போய்விட்டாள். விடியற்காலையில், வீட்டில். பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 30

நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். படித்தேன். கேள்வி கேட்டவர் தனியாக ஒன்று கேட்டிருந்தார், கடைசி நாட்கள் எப்படி இருக்கும் என்று. அவர் கேட்டதால் சொல்கிறேன், தாங்க முடியாதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுங்கள்.

விழுங்குவது நின்றது. மருந்துகளைத் தோலுக்கடியில் மெல்லிய ஊசி வழியாக, 24 மணி நேரமும் சொட்டுச் சொட்டாகத் தள்ளும் சின்ன பம்பில் மாற்றினார்கள். தண்ணீர் இறங்கவில்லை, வாயைப் பஞ்சால் நனைத்து, உதட்டில் களிம்பு தடவினோம். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். கேட்கிற நமக்குத்தான் அது கொடுமை. அநேகமாக அவர்களுக்குத் தெரிவதில்லை. ஒருக்களித்து வைத்தால் குறையும், ஊசியும் உண்டு. மூச்சு ஆழமாகி, மெலிந்து, நின்று, மறுபடி ஆரம்பிக்கும். முழங்காலில் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக வரும்.

காது கேட்குமா என்று கேட்டிருந்தீர்கள். 2020-இல் கனடாவில், சுயநினைவின்றி இருந்த, சாவுக்கு மணிக்கணக்கே மீதமிருந்த சிலரின் மூளை அலைகளைப் பதிந்து பார்த்தார்கள். சிலருக்கு மூளை சத்தத்துக்குப் பதில் தந்தது. புரிந்துகொண்டார்களா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நான் பேசினேன். பெரிதாக ஒன்றும் இல்லை, மின்கட்டணம் கட்டியாயிற்று என்பது மாதிரி.

ஜூலை 11

மீந்த மருந்து. மார்ஃபினையும் ஃபென்டனில் பேட்ச்சையும் (தோலில் ஒட்டுகிற வலி மருந்து) வீட்டில் வைக்காதீர்கள், தேவைப்படும் இன்னொருவருக்குக் கைமாற்றவும் கூடாது. கொடுத்த இடத்திலேயே திருப்பி, கையெழுத்து வாங்குங்கள். கழற்றிய பேட்ச்சிலும் மருந்து மிச்சம் இருக்கும். குழந்தை எடுத்து ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்துவிடுங்கள். பேட்ச் போட்டிருப்பவருக்கு அந்த இடத்தில் சுடுதண்ணீர்ப் பை வைக்கக் கூடாதா என்றும் யாரோ கேட்டிருந்த ஞாபகம். ஆமாம், வைக்கக் கூடாது, சூட்டில் மருந்து வேகமாக ஏறும். காய்ச்சலிலும் அப்படித்தான், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஜூலை 12

காற்று மெத்தை ஒன்று என்னிடம் சும்மா இருக்கிறது, பம்போடு. வேண்டியவர் சொல்லுங்கள். பம்ப் ராத்திரியில் உறுமும். கட்டில் சட்டத்தில் மாட்டாமல் தரையில் ஒரு துணியை மடித்துப் போட்டு அதன்மேல் வையுங்கள். மெத்தைக்கு மேலே ஒரே ஒரு விரிப்பு போதும். ரெண்டு மூணு போர்வையை மடித்துப் போட்டால் காற்று மெத்தை போட்ட பலனே இல்லை. இடது பக்கக் குழாயின் மூட்டில் லேசாகக் கசிவு இருந்தது, டேப் சுற்றியிருக்கிறேன், தாங்குகிறது.